எஸ்டிமேட்டில் ‘அசெம்பிளி’ என்று இருந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

ஏடிவி (ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நாலு சக்கர வண்டி), பக்கி, ஃபோர் வீல் டிரைவ் ஜீப் என எந்த ஆஃப்-ரோடு வண்டியானாலும் டீலர் சர்வீஸில் பணம் போகிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். கெட்டுப்போவது சின்ன உருப்படி. பில்லில் ஏறுவது, அது உட்கார்ந்திருக்கும் முழு அசெம்பிளி.

சக்கர பேரிங்கையே பாருங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் சீக்கிரம் போகிற சாமான் இது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். கையால் சுற்றினால் கரகரக்கும். (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் ஆடும். ஒருவர் அசைக்க, இன்னொருவர் ஜாயின்ட்டில் விரல் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.) டீலர் எழுதித் தருவதோ நக்கிள் (பேரிங் உட்காரும் உலோகக் கூடு), ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இரண்டும் புதுசு என்று.

பேரிங்கின் ஓரத்திலோ ரப்பர் சீல் மேலோ எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. கூடவே 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். யார் தயாரித்தாலும் இந்த எண்ணுக்கு இதே அளவுதான். அதுவே வண்டிக் கம்பெனியின் கவரில், வேறு பார்ட் நம்பரோடு வரும்போது விலை ஏறிவிடுகிறது. எண் அழிந்திருந்தால் வெர்னியரில் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள். ஆயில் சீலிலும் இப்படி 35, 52, 7 என்று மூன்று எண்கள் இருக்கும்.

மாட்டும்போது கவனம் வேண்டும். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்தம் கொடுக்க வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் பாரம் குண்டுகள் வழியாகப் போய், ஓடுதளத்தில் பள்ளம் விழும்; புது பேரிங்கும் கொஞ்ச நாளில் சத்தம் போடும். பழைய பேரிங் நக்கிளுக்குள்ளேயே சுழன்று குழியைத் தேய்த்திருந்தால் மட்டும் டீலர் சொல்வது சரி, நக்கிளை மாற்றத்தான் வேண்டும்.

ஆக்சில் பூட் (ஆக்சில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்தாலும் இதே கதை. வண்டியைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வராமல், கிரீஸில் மண்ணும் ஏறாமல் இருந்தால் ஜாயின்ட்டைக் கழுவி, மாலிப்டினம் கிரீஸ் அடைத்து, புது பூட்டும் கிளிப்பும் போட்டாலே போதும். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட் போய்விட்டது.

இதைவிட மோசமானது, காரணத்தைத் தொடாமல் மறுபடி மறுபடி பில் போடுவது. டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். அந்தக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் சேற்றால் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரே உள்ளே வரும். வெறும் ஆயிலை மாற்றி அனுப்பினால் அடுத்த ஓடையிலேயே மறுபடி வெளுக்கும். குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதன் முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிவிடி (கையால் கியர் மாற்றாமல் ஓட்டும் பெல்ட் டிரைவ்) பெல்ட்டை மட்டும் கம்பெனி பெல்ட்டாகவே வாங்குங்கள். அகலமும் சாய்வும் புல்லிக்குப் பொருந்தாத பெல்ட் வழுக்கிச் சூடாகி அறுந்தால், அதன் நூல் தண்டில் சுற்றிக்கொண்டு சீலையே கிழித்துவிடும். ஆனால் பழைய பெல்ட்டின் கருகல் படிந்த புல்லியைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் புதுசை மாட்டினால் அதுவும் கருகும். புல்லியைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதும் சீட்டு) எழுதி வாங்குங்கள்.

லேபர் கணக்கும் பார்க்க வேண்டியதே. பல இடங்களில் வேலைக்கு இத்தனை மணி என்று புத்தகத்தில் உள்ளபடிதான் பில் போடுவார்கள். பெல்ட், கிளட்ச் இரண்டுக்கும் கவர் ஒரு தடவைதான் கழலும், ஆனால் கழற்றிய நேரம் இரண்டிலும் ஏறியிருக்கும். அதைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். வால்வு கிளியரன்ஸ் (இஞ்சின் வால்வுக்கு விடும் இடைவெளி) பார்த்ததாக பில்லில் இருந்தால் அளந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டியை விடும் முன்பே ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டிலும் வால்வு கவர் போல்ட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்துவிடுங்கள்; நிஜமாகவே கழற்றினார்களா என்று கோட்டைப் பார்த்தால் தெரியும். பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள்.