முதுகை அளந்து பை பொருத்தித் தருகிறோம் என்றார்கள். நம்பி 18,300 ரூபாயை இழந்தேன்

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வந்த கடைசிப் பதிலைப் படித்தது முதல் எனக்குத் தூக்கம் இல்லை. "மேடம், பையில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் அதற்குக் கடை பொறுப்பாகாது" என்று எழுதியிருக்கிறார்கள். உடம்புக்குப் பொருத்தித் தருகிறோம் என்று பலகை வைத்து, அதற்கென்றே தனியாக 500 ரூபாய் கட்டணமும் வாங்கிக்கொண்ட கடை எழுதிய பதில் இது. பையின் விலை 17,800 ரூபாய். இரண்டும் சேர்த்து 18,300 ரூபாய். மலையேற்றத்துக்குப் பை வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

நான் சேலத்தில் இருக்கிறேன், வயது 46. இதற்கு முன் மூன்று முறை மலையேற்றம் போயிருக்கிறேன். மூன்று முறையும் என் சுமையைக் குதிரையோ சுமைதூக்கியோதான் கொண்டுவந்தார்கள். இந்த அக்டோபரில் சந்தக்ஃபூ போவதாக முடிவானபோது, இந்த முறை என் பையை நானே தூக்கிக்கொண்டு நடப்பது என்று தீர்மானித்தேன். மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம் அது, 3,636 மீட்டர். நேபாள எல்லையை ஒட்டியே போகும் சிங்கலீலா மலைமுகட்டின் மேல் நடந்து போய், வானம் தெளிவாக இருந்தால் கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்ட்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அதற்காக எட்டு மாதம் ஞாயிறுதோறும் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே நடந்து பழகினேன். கால் தயாராகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் பையைத் தேட ஆரம்பித்தேன்.

இணையத்தில் படம் பார்த்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய விளையாட்டுப் பொருள் அங்காடிகளில் பைகளைக் கொக்கியில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். நாமே எடுத்து, நாமே மாட்டிப் பார்த்து, நாமே பணம் கட்டிவிட்டு வர வேண்டியதுதான். சுமையோடு நடக்கப்போவது முதல் முறை என்பதால், விவரம் தெரிந்த ஒருவர் கூட நின்று பொருத்தித் தர வேண்டும் என்று விரும்பினேன். அப்படித் தேடித்தான் பெங்களூரில் ஒரு முதல் மாடியில் இருக்கும், மலையேற்றச் சாமான்கள் மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடையைக் கண்டுபிடித்தேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பைக்காக அதிகாலைப் பேருந்தைப் பிடித்து இருநூறு கிலோமீட்டர் போனேன்.

நான் ஏமாந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே யாரும் என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. கடையில் இருந்த இளைஞர் நான் கன்னடத்தில் தடுமாறுவதைப் பார்த்ததும் தமிழில் பேசினார். "அக்கா, உட்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் கொடுத்தார். எங்கே போகிறேன், எத்தனை நாள், எவ்வளவு சுமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சந்தக்ஃபூவுக்கு இரண்டு முறை போயிருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் படங்களைக் காட்டினார். ஊர் தெரியாத ஊரில் நம் மொழியில் ஒருவர் அக்கா என்று கூப்பிட்டு, நாம் போகப்போகும் இடத்தின் படத்தையும் காட்டினால் மனம் இளகிவிடுகிறது. அந்த நிமிடத்திலேயே நான் அவரை நம்பிவிட்டேன்.

அவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தார். "அஞ்சடி ரெண்டா? மீடியம்தான்" என்றார். அளவு நாடாவை எடுக்கவே இல்லை. 55 லிட்டர் பை ஒன்றை எடுத்து, காலிப் பையாகவே என் முதுகில் மாட்டி, வார்களை எல்லாம் இழுத்து இறுக்கி, கண்ணாடி முன்னால் நிறுத்தினார். காலிப் பை யாருக்குத்தான் வலிக்கும்? பெண்களுக்கென்று தனியாகப் பை வருகிறதாமே என்று நான் கேட்டேன். "அது கலர்தான் வேற அக்கா, உள்ளே எல்லாம் ஒண்ணுதான்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. பெண்களுக்கான பையில், முதுகோடு ஒட்டி நின்று பையைத் தாங்கும் சட்டத்தின் நீளம் குறைவு, தோள் வார்கள் நெருக்கமாக இருக்கும், இடுப்புப் பட்டையின் சாய்வும் வேறு. நிறம் இதில் கடைசி விஷயம். அந்தப் பை அன்று கடையில் இருப்பில் இல்லை, இருந்ததை என் தலையில் கட்டிவிட்டார், அவ்வளவுதான். ஜிபேயில் 18,300 ரூபாய் அனுப்பினேன். பொருத்தும் கட்டணம் 500 ரூபாய் என்று ரசீதில் தனி வரியாகவே அச்சாகியிருக்கிறது.

பை பொருத்துவது என்றால் என்ன என்பதை மலையில் பட்ட பிறகுதான் நான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். உயரத்துக்கும் பையின் அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு உடல் நீளமாகவும் இருக்கும். பார்க்க வேண்டியது முதுகின் நீளம். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும். இடுப்பின் இரு பக்கமும் கை வைத்து, கட்டைவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். அந்த எலும்பிலிருந்து கட்டைவிரல்களுக்கு நடுவே உள்ள இடம் வரை நாடாவை முதுகெலும்போடு ஒட்டிப் பிடித்து அளந்தால் வருவதுதான் நமது அளவு. இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. திரும்பி வந்த பிறகு என் மகள் தையல் நாடாவால் அளந்தாள்: பதினைந்தரை அங்குலம். எனக்கு விற்ற பையின் சட்டம் 18 முதல் 20 அங்குல முதுகுக்கானது என்று பையின் உள்ளே தைத்திருக்கும் துணிச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. மேலும் கீழும் நகர்த்தக்கூடிய சட்டம் கூட இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பழைய பாடப் புத்தகங்களை அடுக்கிப் பையில் பத்து கிலோ ஏற்றி, மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் இருபது முறை ஏறி இறங்கினேன். இடுப்புப் பட்டை இடுப்பில் நிற்காமல் கீழே வழுக்கிக்கொண்டே வந்தது. உடனே கடைக்குப் போன் செய்தேன். "புதுப் பை அப்படித்தான் இருக்கும் அக்கா, ஒரு வாரம் போட்டு நடங்க, பஞ்சு அமுங்கி உடம்புக்கு வந்துடும்" என்றார். ஆறாம் நாள் மறுபடியும் செய்தேன். "மலையில் குளிருக்கு நாலு துணி போடுவீங்க, அப்ப சரியா நிக்கும்" என்றார். தோள் வலிக்கிறது என்று சொன்னதற்கு, முதல் தடவை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். ரசீதின் பின்புறம், ஏழு நாட்களுக்குள் மட்டுமே மாற்றித் தரப்படும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஏழு நாட்களும் அவருடைய சமாதானங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே கழிந்துவிட்டன. எட்டாம் நாள் பேசியபோது, அதே இளைஞர், அதே அக்கா என்ற குரலில், "டேட் முடிஞ்சுடுச்சே" என்றார்.

அந்தப் பையோடுதான் சந்தக்ஃபூ போனேன். நடை தொடங்கும் மானேபஞ்சங்கிலிருந்து சித்ரே வரை முதல் நாள் ஏற்றம் செங்குத்தானது, மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான். பையில் பதினொரு கிலோ இருந்தது. முதல் அரை மணி நேரத்திலேயே இடுப்புப் பட்டை எலும்பை விட்டு இறங்கித் தொடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் பட்டையின் கீழ் விளிம்பு தொடையில் இடித்தது. பட்டையை இழுத்து மேலே ஏற்றினால் தோள் வார்கள் தோளை விட்டு எழும்பி நின்றன, பை பின்னால் சாய்ந்தது. பாரத்தில் பெரும்பகுதியை இடுப்பு தாங்க வேண்டும். எனக்கோ பதினொரு கிலோவும் இரண்டு தோள்களில் தொங்கியது.

சித்ரேயில் தேநீர் குடிக்க நின்றபோது எங்கள் வழிகாட்டி என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். பட்டையை இடுப்பெலும்பின் மேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கும் வாருக்கும் நடுவில் கையை நுழைத்தார். நான்கு விரலும் தடையில்லாமல் உள்ளே போயின. "தீதி, இது உங்கள் பை இல்லை" என்றார் இந்தியில். அளவு நாடாவும் கண்ணாடியும் விளக்கும் வைத்திருந்த கடையில் யாரும் செய்யாத சோதனையை, அந்த மனிதர் சாலையோரத்தில் ஒரு நொடியில் செய்துவிட்டார். என் துண்டை மடித்துப் பட்டைக்கு உள்ளே கொடுத்துப் பார்த்தார், இருநூறு அடி கூட அது நிற்கவில்லை.

அன்று இரவு தும்லிங்கில் சட்டையைக் கழற்றியபோது இரண்டு தோள்களிலும் வார் பதிந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போயிருந்தன. மறுநாள் பை ஜீப்பில் ஏறியது, நான் பின்னால் வெறும் முதுகோடு நடந்தேன். மலை அழகாகத்தான் இருந்தது. சந்தக்ஃபூவில் விடியற்காலை கஞ்சன்ஜங்கா செம்பொன்னாக மாறியபோது கூட நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். எட்டு மாதம் நான் எதற்காகப் பழகினேனோ அது மட்டும் நடக்கவில்லை, எனக்கு அழுகைதான் வந்தது.

திரும்பி வந்து மூன்று வாரமாக இதே வேலையாக அலைகிறேன். முதல் போனில், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாவது முறை, பையைக் கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றார்கள். மறுபடியும் பேருந்தேறிப் போனேன். பையின் அடிப்பகுதியில் மானேபஞ்சங் சேறு காய்ந்திருந்ததைக் காட்டி, உபயோகித்த பையை எப்படி எடுத்துக்கொள்வது என்றார் மேலாளர். அளக்காமல் விற்றது நீங்கள்தானே என்று கேட்டேன். எங்கள் ஊழியர் அனுபவசாலி, அவர் கண்ணாலேயே அளப்பார் என்றார். அந்த இளைஞர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தம்பி, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் வாய் திறக்கவில்லை. பிறகு பெரிய மனது பண்ணுவது போல, 4,000 ரூபாய் கழித்துக்கொண்டு, பெண்களுக்கான பை ஒன்றை 21,000 ரூபாய்க்குத் தருகிறோம் என்றார்கள். நிறம் மட்டும்தான் வேறு என்று சொன்ன அதே பைதான் அது. ஏற்கெனவே 18,300 ரூபாய் கொடுத்தவள் இன்னும் 17,000 ரூபாய் கொடுக்க வேண்டுமாம். மறுத்துவிட்டு வந்தேன். பை தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். தையலோ ஜிப்போ போனால்தான் உத்தரவாதம், அளவு பொருந்தாததற்குக் கிடையாது என்று பதில் வந்தது. கடைக்கு வாட்ஸ்அப்பில் ஒன்பது செய்திகள் அனுப்பினேன், எல்லாவற்றிலும் நீலக் குறி விழுந்தது. ஒன்பதாவதற்கு வந்த பதில்தான் மேலே எழுதியிருப்பது. இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் எதுவும் இல்லை.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் அந்த நிலையில் இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். நாடாவால் முதுகை அளக்காத கடையில் எதுவும் வாங்காதீர்கள். வீட்டிலேயே அளந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. காலிப் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து கிலோ மணல் மூட்டையோ கயிறோ கூடாரமோ எதையாவது உள்ளே வைக்கச் சொல்லி, இருபது நிமிடமாவது கடைக்குள் நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள். பட்டை இடுப்பெலும்பை விட்டு இறங்கினால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். வார் தோளில் படியாமல் விரல் நுழைந்தால் அந்தப் பை உங்களுக்கு நீளம். பட்டை உடம்புக்குப் பழகும், சட்டத்தின் நீளம் எத்தனை வருடம் ஆனாலும் பழகாது. வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் போனில் பேசாதீர்கள், அன்றே எழுத்தில் அனுப்புங்கள். மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் நான் பேசியதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, நான் அழைக்கவே இல்லை என்று மேலாளர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ரசீதின் பின்புறத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள். பொருத்தும் கட்டணம் என்று தனியாக வாங்கினால், அளந்த எண்ணை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால் இறங்கி வந்துவிடுங்கள். என் ரசீதில் 500 ரூபாய் என்ற எண் இருக்கிறது, என் முதுகின் எண் எங்கேயும் இல்லை.