வேலூர் வெயிலுக்கு எந்த ஹெல்த் வாட்ச் தானே சார்ஜ் ஆகும்?

சார்ஜரே தேவைப்படாத ஹெல்த் வாட்ச் என்றதும் பேச்சில் அடிபடுபவை இரண்டு: உடம்புச் சூட்டில் ஓடுவது, வெயிலில் ஓடுவது.

உடம்புச் சூடு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டியது வெறும் சூடு இல்லை, சூட்டு வித்தியாசம். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் காற்று, இடையிலுள்ள வித்தியாசம்தான் மின்சாரமாகிறது. மணிக்கட்டுத் தோல் சுமார் 33 டிகிரி. மார்கழி விடியலில் ஏலகிரி மேலே போனால் ஜோராக ஓடும். மே மாதக் காட்பாடியில் காற்றும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால் வரவு பூஜ்யம். 40-ஐத் தாண்டினால் வெப்பம் எதிர்த்திசையில் பாயும், மின்னழுத்தமும் தலைகீழாகும். அதையும் வாங்கிக்கொள்ளும் சர்க்யூட் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். நாடித்துடிப்பைக் கவனிக்க வேண்டிய அந்த நாளில்தான் வாட்ச் பட்டினி கிடக்கும். மேட்ரிக்ஸ் பவர்வாட்ச் முதலில் உடல்சூட்டை மட்டும் நம்பி வந்தது. இதயத்துடிப்பு சென்சார் சேர்த்த இரண்டாவது மாடலில் சோலாரையும் சேர்த்தார்கள். துடிப்பு பார்க்கும் பச்சை விளக்குக்குத் தீனி அதிகம்.

சோலாருக்கு நம்மூர் சொர்க்கம். கார்மின் இன்ஸ்டிங்க்ட் 2 சோலார் வாட்ச் தினமும் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கேட்கிறது. அது கிடைத்தால், ஜிபிஎஸ்ஸைத் தொடாதவரை சார்ஜ் போடவே வேண்டாம் என்பது கம்பெனிக் கணக்கு. நிலத்திலோ கட்டட வேலையிலோ நிற்பவருக்கு அந்த வெளிச்சம் ஜுஜுபி, முழுக்கைச் சட்டை மூடாமல் இருந்தால் சரி. விலையைக் கேட்டால்தான் வியர்க்கும்.

குடியாத்தம் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் அக்காவுக்கு? டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ்தான், சோலார் அவுட். கை அசைவில் சார்ஜ் ஆகும் வகையும் உண்டு. ஆனால் அவர் மடியில் முறம் இருக்கிறது. விரல்தான் பறக்கிறது, மணிக்கட்டு ஆடுவதில்லை. அப்புறம் விரல்நுனி வியர்வையில் மின்சாரம் எடுக்கும் பட்டை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2021-இல் செய்து காட்டினார்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சாதாரண எலக்ட்ரானிக் கைக்கடிகாரத்தை ஒரு நாள் ஓட்டும் அளவுக்குச் சேருமாம். வியர்வைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆனால் விரலில் பட்டையை ஒட்டிக்கொண்டு இலையை எப்படிச் சுருட்டுவது?

அவருக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போடும் சாதாரண ஹெல்த் பேண்டை வாங்கிக் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பிபி மெஷினே வாங்கலாம்.