வலி மாத்திரைக்குத் துணையாக எந்த 'கேஸ் மாத்திரை'?

மூட்டு வாதத்துக்கு டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக், நாப்ராக்சென் என்று மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களின் மாத்திரை டப்பாவில் கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை'யும் இருக்கும். எதற்கு என்று கேட்டால் "வயித்துக்கு" என்பார்கள். என் அம்மாவின் டப்பாவில் சில மாதம் ரானிடிடின், சில மாதம் பேன்டோபிரசோல், நடுவில் கொஞ்ச நாள் வெறும் ஆன்டாசிட் பாட்டில். எல்லாம் ஒன்றுதானே என்று நானும் இருந்துவிட்டேன். ஒன்றில்லை.

வலி மாத்திரையால் வயிற்றில் புண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் வித்தியாசம் புரியும். மாத்திரை இரைப்பையில் பட்டு அரிப்பது சின்ன விஷயம். ரத்தத்தில் கலந்தபின் அது, உடலில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தின் உற்பத்தியை நிறுத்துகிறது. வலி குறைவதும் அதனால்தான். 1971-இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர் இதைக் கண்டுபிடித்தார், 1982-இல் நோபல் கிடைத்தது. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பைச் சுவரில் சளிப்படலத்தையும் காக்கிறது. ஆகவே ஊசியாகப் போட்டாலும் ஆசனவாய் வழியாக வைத்தாலும் புண் வரலாம். "சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்பதும், மேல்பூச்சு போட்ட மாத்திரை என்றால் பயமில்லை என்பதும் வெறும் ஆறுதல்.

சரி, ஒவ்வொன்றாக.

ஆன்டாசிட் திரவம் எரிச்சலைக் கொஞ்ச நேரம் தணிக்கும். புண்ணைத் தடுக்க அதை நம்ப வேண்டாம், அவ்வளவுதான்.

ரானிடிடின், ஃபாமோடிடின் வகையில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான அளவில் இவை முன்சிறுகுடலில் வரும் புண்ணைக் குறைக்கும், இரைப்பைப் புண்ணைச் சரியாகத் தடுக்காது. வலி மாத்திரையால் அதிகம் அடிபடுவதோ இரைப்பைதான். எரிச்சல் அடங்கிவிடுவதால் நமக்கு நிம்மதி, புண் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். ஃபாமோடிடினை 40 மி.கி. வீதம் தினம் இருவேளை, அதாவது வழக்கத்தைவிட இரட்டிப்பாகக் கொடுத்தால் இரண்டு இடத்தையும் காக்கிறது என்று 1996-இல் காட்டினார்கள். நம் ஊரில் அப்படி யாரும் எழுதிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ரானிடிடினுக்கு வேறு சிக்கலும் சேர்ந்தது: புற்றுநோய் தரக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு காரணமாக 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, 2022-இல் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது.

ஒமிபிரசோல், பேன்டோபிரசோல், ரபிபிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். அமிலத்தைச் சுரக்கும் பம்பையே இவை அடைத்துவிடுகின்றன. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், புண் ஆறிய பிறகு வலி மாத்திரையைத் தொடர்ந்தவர்களை ஆறு மாதம் கவனித்தார்கள். ஒமிபிரசோல் எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மிசோப்ரோஸ்டால் (இதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) எடுத்தவர்களில் 48, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 27. தினம் ஒரு மாத்திரை, தொந்தரவும் குறைவு. ஆனால் நாம் கோட்டை விடுவது நேரத்தில். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் போட வேண்டும், ஏனென்றால் சாப்பிடும்போதுதான் பம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. டிபன் முடித்து வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதுதான் பெரும்பாலான வீட்டுப் பழக்கம். டாம்பெரிடோன் கலந்த கேப்சூலும் இதற்குத் தேவையில்லை. அந்தக் கூட்டாளி குமட்டலுக்கானது. வயதானவர்களுக்கு இதயத்துடிப்பைக் குழப்பவும் செய்யலாம். வருடக்கணக்கில் போனால் பி12, மெக்னீசியம் குறையக்கூடும். இதயத்துக்கு க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஒமிபிரசோலைத் தவிர்த்துப் பேன்டோபிரசோல் கேட்கலாம்.

மிசோப்ரோஸ்டால் தர்க்கப்படி பார்த்தால் கச்சிதமான மருந்து: இழந்த புரோஸ்டாகிளாண்டினையே திருப்பித் தருகிறது. 8,843 வாத நோயாளிகளிடம் நடந்த, 1995-இல் வெளியான ஆய்வில் ரத்தக்கசிவு, ஓட்டை விழுதல் போன்ற பெரிய ஆபத்துகளை ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்தது. ஆனால் தினம் நான்கு வேளை, வயிற்றுப்போக்கு வேறு. பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கருவைக் கலைக்கும் மருந்தும் இதுவே என்பதால் கர்ப்ப வாய்ப்புள்ள பெண்களுக்கு ஆகாது.

இன்னொரு வழி, வலி மாத்திரையையே மாற்றுவது. செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, இரைப்பையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ்-1 என்ற நொதியைப் பெரும்பாலும் தொடாது. ஏற்கெனவே புண்ணில் ரத்தம் கசிந்தவர்களிடம் ஹாங்காங்கில் பிரான்சிஸ் சான் குழு, செலிகாக்சிப் மட்டும் ஒரு பக்கம், டைக்ளோஃபினாக்கோடு ஒமிபிரசோல் மறுபக்கம் என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தது. மறுபடி கசிந்தது முறையே 4.9 சதவீதம், 6.4 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை, இரண்டுமே போதவும் இல்லை. 2007-இல் அதே குழு செலிகாக்சிப்போடு எஸோமிபிரசோலையும் சேர்த்தது. ஒரு வருடத்தில் கசிந்தவர் எவருமில்லை, செலிகாக்சிப் மட்டும் எடுத்தவர்களில் 8.9 சதவீதம். ஆனால் இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு காரணமாக 2004-இல் திரும்பப் பெறப்பட்டதை மறக்க முடியாது. இதய நோய் உள்ளவர்கள் செலிகாக்சிப்பையும் யோசித்துத்தான் தொட வேண்டும்.

இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்தால் போதாதா? அதையும் சான் குழு பார்த்தது. நாப்ராக்சென் எடுத்தவர்களில் கிருமியை மட்டும் ஒழித்தபோது ஆறு மாதத்தில் 18.8 சதவீதம் பேருக்குத் திரும்பக் கசிந்தது, ஒமிபிரசோல் எடுத்தவர்களில் 4.4. கிருமி இருந்தால் ஒழிப்பது நல்லது, ஆனால் அது தடுப்பு மாத்திரைக்கு மாற்றாகாது.

என்னைக் கேட்டால் 65 வயது தாண்டியவர், ஸ்டீராய்டோ ஆஸ்பிரினோ கூட எடுப்பவர் ஆகியோருக்கு பேன்டோபிரசோல் மாதிரி ஒன்று தினமும் வேண்டும். முன்பு ரத்தம் கசிந்தவருக்கு, அதுவும் வலி மாத்திரை தவிர்க்கவே முடியாது என்றால், இதயம் இடம் கொடுக்கும் பட்சத்தில் செலிகாக்சிப்போடு அதைச் சேர்த்து. வயது குறைந்தவர் நாலு நாள் போடுவதற்கு எதுவும் வேண்டாம். முழங்கால் வலி மட்டும்தான் என்றால் முதலில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் மலம் தார் மாதிரி கருத்தால் அன்றைக்கே மருத்துவமனை. வலியே இல்லாமலும் கசியும்.

அப்புறம், அம்மாவுக்கு இப்போது வலி மாத்திரை நின்று ஆறு மாதமாகிறது. கேஸ் மாத்திரையை நிறுத்தலாமா என்று போன வாரம்தான் டாக்டரிடம் கேட்டோம். "இன்னுமா போடுறீங்க?" என்றார்.