எங்கள் வீட்டு சோலார் ஹீட்டர்: சில வருஷப் பழக்கத்தில் தெரிந்தவை

காரைக்குடியில் எங்கள் வீட்டின் முன்பகுதி முழுக்க ஓட்டுச் சாய்ப்பு. அதனால் பின்கட்டு மொட்டை மாடியில்தான் இந்த 100 லிட்டர் ஹீட்டரை நிறுத்தியிருக்கிறோம். கண்ணாடிக் குழாய் வகை. விற்றவர் "எண்பது டிகிரி வரும் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டிகிரி மட்டுமல்ல, எத்தனை லிட்டர் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். 100 லிட்டரை 28லிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 13,400 கிலோஜூல், அதாவது 3.7 யூனிட் கரண்ட். நல்ல வெயில் நாளில் அவ்வளவும் சும்மா கிடைக்கிறது.

குளிக்க 40 டிகிரி போதும். 16 லிட்டர் வாளியில் 60 டிகிரித் தண்ணீர் 6 லிட்டர், பச்சைத் தண்ணீர் 10 லிட்டர். 100 லிட்டர் வீட்டுக்கே தாராளம்.

அப்பத்தாவுக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. "விறகு வென்னிதான்ப்பா நின்னு சுடும், இது பொசுக்குன்னு ஆறிப்போகும்" என்பார்கள். 60 டிகிரியில் இருக்கிற தண்ணீருக்கு விறகா, வெயிலா, கரண்டா என்று தெரியாது. அதன் அக ஆற்றல், அதாவது அதற்குள் இருக்கிற ஆற்றல், இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்தது, வந்த வழியை அல்ல. 1840களில் ஜூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் தீயே இல்லாமல், துடுப்பைச் சுழற்றியே தண்ணீரைச் சூடாக்கிக் காட்டியவர்.

"செம்பு அண்டால்ல சூடு தங்கும்" என்பது அடுத்த வாதம். ஒரு கிலோ செம்பை ஒரு டிகிரி ஏற்ற 0.385 கிலோஜூல்தான் வேண்டும். பத்துக் கிலோ அண்டா முழுசும் சேர்ந்து ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கிற சூட்டைக்கூடப் பிடிக்காது. அப்பத்தா பார்த்தது பொய்யில்லை. அண்டாவுக்கு அடியில் கங்கு கிடக்கும், அது சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னதும், "அப்ப உன் மிஷினுக்கு அடியில கங்கு போடு" என்றார்கள். சரி, போகட்டும்.

குறைகளும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாய்க்குள் வெள்ளையாகப் படிகிறது, அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். ராத்திரியில் ஆறு டிகிரி இறங்கினால் 0.7 யூனிட் போச்சு, அதனால் சாயங்காலக் குளியல்தான் லாபம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது வெறும் தண்ணீர்த் தொட்டி.

மழைக்காலத்துக்குத் தொட்டிக்குள்ளேயே 2000 வாட் காயில் வைத்துத் தருகிறார்கள். நான் வாங்கவில்லை. ஒருவர் குளிக்க 100 லிட்டரையும் 20 டிகிரி ஏற்றினால் 2.3 யூனிட், 70 நிமிஷம். குளியலறையில் தனியாக அதே 2000 வாட்டில் 15 லிட்டர் கீசர் மாட்டினால் அதே 20 டிகிரிக்குப் பத்து, பதினோரு நிமிஷம்தான்.