காளான் வித்து விற்பவர்களின் ‘நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’

சிப்பிக் காளான் வித்தை விற்றுவிட்டு, “விளைந்ததை எல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பயிற்சி மையம் இப்படித்தான் ஆள் சேர்த்தது. பயிற்சி, வித்து, பாலித்தீன் பை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. வெளியில் வித்து வாங்கக் கூடாது என்பது நிபந்தனை.

நல்ல வித்தில் சோள மணிகள் மீது காளான் இழை பஞ்சு போல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். எனக்கு வந்த பொட்டலங்களில் மஞ்சள் நீர் கோத்திருந்தது. அடியில் மணிகள் கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தன. பிரித்ததும் புளித்த வாடை. தயாரித்த தேதியும் இல்லை. கேட்டதற்கு, “பயண அலுப்பு சார், வைக்கோலில் படுக்கை போட்டால் தெளிந்துவிடும்” என்றார்கள். வித்துக்கும் அலுப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

சந்தேகத்தில், வேளாண் அறிவியல் நிலையத்திலும் கொஞ்சம் வித்து வாங்கினேன். வைக்கோலை ஊறவைத்து, ஒரே கொப்பரையில் அவித்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, இரண்டு வித்தையும் தனித்தனிப் பைகளில் வைக்கோலோடு படுக்கையாக அடுக்கினோம். மையத்தின் வித்துப் போட்ட படுக்கைகளில் பாதிக்கு மேல் பச்சைப் பூசணம் பிடித்தது. நிலையத்தின் வித்துப் போட்டவை பழுதில்லாமல் பூத்தன. மையத்தில் கேட்டால், “உங்கள் வைக்கோல் வேகவில்லை” என்றார்கள். ஒரே கொப்பரை விஷயத்தைச் சொன்னேன். வெளியில் வித்து வாங்கியது ஒப்பந்த மீறல் என்று கடிதம் வந்ததுதான் மிச்சம்!

மையத்தின் வித்தில் தப்பிய படுக்கைகளில் அறுத்ததைக் கொண்டுபோனால், பச்சைக் காளான் எடுப்பதில்லை, உலர்த்தித் தாருங்கள் என்றார்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். விலையோ பச்சைக் காளானுக்குப் பேசியதே. அதையும் உலர்த்திக் கொடுத்தால் “ஈரப்பதம் அதிகம்” என்று திருப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதி என்று இருக்கிறது.

அவர்களுக்கு வரும்படி பயிற்சியிலும் வித்திலும்தான். காளானை எந்தக் கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள், பேச்சு மாறும். பயிற்சி வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. பறித்த சிப்பிக் காளான் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. படுக்கை போடும் முன்பே உள்ளூர்க் காய்கறிக் கடைகளிலும் உணவகங்களிலும் பேசிவையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதையும் வித்துப் பொட்டலத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.