சீவர்டில் படகு ஏறினால்: சால்மனா, ஹாலிபட்டா?

அலாஸ்காவின் கடலோர ஊரான சீவர்டில் தூண்டில் போடப் போனால், எந்த மீனுக்குப் போவது என்பதுதான் கேள்வி. கோஹோ என்ற சால்மன் வகை ஆகஸ்டில் ரெசரக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே வந்துவிடும். அரை நாள் போதும், அலையும் குறைவு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுதான் சரி. மாட்டியதும் மீன் ஓடும், துள்ளும். நூல் கொஞ்சம் தளர்ந்தாலும் போச்சு.

கடல் தரையில் கிடக்கும் பெரிய தட்டை மீனான ஹாலிபட் வேறு கதை. பெரும்பாலும் விரிகுடாவைத் தாண்டி வெளிக்கடலுக்கு, முழு நாள். கனமான ஈயத்தோடு இரையாக ஹெர்ரிங் என்ற சிறு மீனின் துண்டைக் கடல் தரைவரை இறக்க வேண்டும். தூண்டில் முள் வட்டமானது என்பதால், கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தூண்டில் கோலின் நுனி நன்றாக வளையும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்ற வேண்டும். அப்புறம் கிணற்றிலிருந்து கதவைத் தூக்குகிற மாதிரிதான். கை கழன்றுவிடும்.

அதே ஆழத்தில் பாறைமீனும் மாட்டும். மேலே வரும்போது காற்றுப்பை உப்பி, வயிறு வாய்வழியே பிதுங்கும். அப்படியே விட்டால் மிதந்தே சாகும். அதனால் அதை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி, 2020 முதல் அங்கே கடலில் பொழுதுபோக்காக மீன்பிடிக்கும் எல்லாப் படகிலும் கட்டாயம்.

முதல் தடவை என்றால் நான் சால்மனைத்தான் சொல்வேன். சாப்பாட்டுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹாலிபட்: வெள்ளைச் சதை, எண்ணெய் வாடை கிடையாது, வறுவலுக்கு அருமை.