வீட்டுக்கு நாஸ் வேண்டுமா? முதலில் டாக்கின் பட்டனைப் பாருங்கள்

ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினியுடன் ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கை இணைத்து, வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் போட்டு எடுக்கும் நாஸ் ஆக்கிக்கொண்டால் போதுமா, இல்லை ரெடிமேட் பெட்டியே வாங்கிவிடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். பை ஏற்பாட்டை நீண்ட நாளாக இரவு பகலாக ஓடவிட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாட் இழுக்கும் சாதனம் இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் 1.44 யூனிட். இந்த ஓர் எண் தெரிந்தால் எந்தப் பெட்டியையும் எடைபோட்டுவிடலாம். பை வேலையில்லாமல் இருக்கும்போது 3 வாட் சுற்றுவட்டாரம். டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால் அதற்கு 4, 5 வாட். அடாப்டர்களில் வீணாவதையும் சேர்த்து 9 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை இறக்கி நாஸ் ஆக்கினால் சர்வசாதாரணமாக 40 வாட் போகும். அது 58 யூனிட். தமிழ்நாட்டில் பில் 500 யூனிட்டை ஒட்டி வரும் வீட்டுக்கு இந்த 45 யூனிட் சின்ன விஷயமே இல்லை. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே ஏறுகிறது.

வேகத்திலும் குறை சொல்ல முடியாது. பழைய மாடலான பை 3பி பிளஸ்ஸில் ஈதர்நெட் (கேபிள் நெட்வொர்க்) யூஎஸ்பி 2.0 வழியாகப் போனதால் நொடிக்கு 300 மெகாபிட்டோடு நின்றுவிடும். 2019-இல் வந்த பை 4-இல் அந்த முட்டுக்கட்டை இல்லை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபார்மட்டில் உள்ள டிஸ்க்கை சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பகிர்ந்தால் பெரிய வீடியோ கோப்புகள் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் வந்து இறங்கும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வதாக (ரகசியக் குறியீட்டில் பூட்டுவதாக) இருந்தால் மட்டும் யோசியுங்கள்: பை 4-இன் சிப்பில் ஏஇஎஸ் என்ற அந்தப் பூட்டு முறைக்கான வன்பொருள் உதவி கிடையாது, பை 5-இல் உண்டு.

இனி, இத்தனை நாளும் எரிச்சல் மூட்டுகிற விஷயம். ஹார்டு டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பியில் இணைக்க உதவும் டாக்கின் பவர் பட்டன்.

3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், பை அதைத் தராது. அதனால் தனி அடாப்டரோடு வரும் டாக் வாங்குகிறோம். பார்க்க அழகாக இருக்கும் டாக்குகள் பலவற்றில், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வந்துவிடும் மென்பட்டன்தான். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் தானே எழும், பை தானே எழும். டாக் மட்டும் எழாது, யாராவது போய் அழுத்த வேண்டும். நீங்கள் வெளியூரில் இருந்தால் நாஸ் இருந்தும் இல்லாத கணக்குதான். 24 மணி நேரமும் ஓட வேண்டிய பொருளில் இப்படியொரு பட்டனை வைப்பது அநியாயம். பெட்டியின் மேல் அச்சிட்ட விவரங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது.

டிஸ்க் இல்லாமல் பை எழுந்தால் நடப்பது இன்னும் மோசம். எழும்போது எந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பொருள்படும் 'நோஃபெயில்' போடாமல் டிஸ்க்கைச் சேர்த்திருந்தால் பை 90 நொடி காத்துப் பார்த்துவிட்டு பழுதுபார்க்க மட்டுமான எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் ரூட் என்ற நிர்வாகி கணக்கு பூட்டியே வருவதால் கீபோர்டும் மானிட்டரும் மாட்டினாலும் உள்ளே நுழைய முடியாது. எஸ்டி கார்டைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் கணினியில் போட்டுத்தான் அந்த வரியைத் திருத்த வேண்டும். 'நோஃபெயில்' இருந்தால் பை எழுந்துவிடும், ஆனால் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர்தான் இருக்கும். அன்றிரவு ஓடும் பேக்கப் அதற்குள்ளேயே எழுதும். அதாவது எஸ்டி கார்டில் எழுதும். கார்டு நிரம்பி வழியும் வரை ஒரு எச்சரிக்கையும் வராது.

இதற்கு மருந்து உண்டு. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு (அந்த ஃபோல்டரிலிருந்து பிரித்துவிட்டு), காலியாக இருக்கும் அந்த ஃபோல்டருக்கு 'சாட்டர்' கட்டளையால், எதையும் மாற்றவிடாத 'பிளஸ் ஐ' கொடி போட்டுவிடுங்கள். பிறகு ரூட்டாலும் அதில் ஒரு கோப்பு உருவாக்க முடியாது, ஆனால் டிஸ்க் வழக்கம்போல் அதன்மேல் மவுண்ட் ஆகும். டிஸ்க் இல்லாத அன்று பேக்கப் பிழை காட்டி நின்றுவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான். எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கை அதற்கே உரிய யூயூஐடி அடையாள எண்ணால் குறிப்பிட்டு 'நோஃபெயில்' சேருங்கள். ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருள் போட்டவர்களுக்கு அது தானாகவே இந்த இரண்டையும் எழுதிக்கொள்ளும்.

ஆனாலும் பட்டன் பிரச்சினை பட்டனோடுதான் தீரும். கடையிலேயே சோதித்துவிடுங்கள். டாக்கை ஆன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, பத்து நொடி விட்டு மறுபடி போடுங்கள். விளக்கு தானே எரிந்தால் வாங்கலாம். எரியாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். 12 வோல்ட் பின் குத்தும் துளையோடு வரும் வெறும் யூஎஸ்பி-சாட்டா கேபிள் இதற்கு எவ்வளவோ மேல். அதில் பெரும்பாலும் பட்டனே இருக்காது, இருந்தாலும் போட்டால் போட்டபடி நிற்கும் சுவிட்சாக இருக்கும். சோதனையை மட்டும் இதற்கும் விட்டுவிட வேண்டாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: அதன் பின்பக்கம் யூபிஎஸ் மோடு, எக்கோ மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். எக்கோவில் இருந்தால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாற அதிக நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது உறைக்காது, டிஸ்க்குக்கு உறைக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் விவரத்தில் 192ஆம் வரிசையில் இருப்பது, மின்சாரம் திடீரென்று அறுந்து டிஸ்க் தன் ஹெட்டுகளை அவசரமாக ஒதுக்கிய கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைக் குறித்துவையுங்கள். நீங்கள் முறையாக ஷட்டவுன் செய்தும் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அடாப்டரையோ இன்வெர்ட்டரையோதான் சந்தேகப்பட வேண்டும்.

அடாப்டர் என்றதும் இன்னொன்று. டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கலாம். 1 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் டிக், டிக் என்று சத்தம் வரும், டிஸ்க் எழாது. டிஸ்க் போய்விட்டது என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ராஸ்பெரி பைக்கும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்தான். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பதிவில் 'அண்டர்வோல்டேஜ்' என்று வரும், மொபைல் சார்ஜரைக் குத்தியிருந்தால் இது அடிக்கடி தென்படும். அடாப்டர் இல்லாத 2.5 அங்குல டிஸ்க் வாங்கித் தப்பிக்கலாம் என்றால், பையின் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். ஒரு டிஸ்க் சமாளிக்கும், இரண்டு வேண்டாம்.

டிஸ்க்கை உறங்கவைக்க 'எச்டிபார்ம்' கட்டளையை டாக்கில் இருக்கும் பல யூஎஸ்பி சிப்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக 'எச்டி-ஐடில்' என்ற மென்பொருளைப் போடுங்கள். பெரிய கோப்பு எழுதும்போது டிஸ்க் உறைந்துபோய் பதிவில் யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்குக்கான வேகமான பரிமாற்ற முறை) பிழைகள் வரிசைகட்டினால், அந்த சிப்புக்கு மட்டும் யூஏஎஸ்ஸை கெர்னலுக்குத் தரும் 'குவிர்க்ஸ்' வரியால் அணைத்துவிடலாம். வேகம் கொஞ்சம் குறையும், தொல்லை போகும்.

இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: பை வேண்டாம், இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் பெட்டியே வாங்குங்கள். சைனாலஜி டிஎஸ்223ஜே போன்றது ஓடும்போது 16 வாட் அளவிலும் டிஸ்க் உறங்கும்போது 4 வாட் அளவிலும்தான் இழுக்கிறது. அதிகமாகப் போகிற சில யூனிட்டைக் கொடுத்துவிடலாம். ஒரே அடாப்டர், நடுவில் யூஎஸ்பி சிப் இல்லை, கரண்ட் வந்ததும் தானே எழ ஒரு டிக் பாக்ஸ். பெட்டி வந்த அன்றே கண்ட்ரோல் பேனலில் அந்த டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்த பிறகு குடும்பப் படங்களை ஏற்றுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே பெட்டி எழுதிவைத்தாலும் அது பேக்கப் ஆகாது. தெரியாமல் அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மூன்றாவது பிரதிக்கு ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.